பறக்கும்போது விமானக் கதவைத் திறக்க முடியுமா?

போன செமஸ்டர் லீவுல எங்க அம்மா முதல் தடவையா ஃப்ளைட் ஏறினாங்க. ஷார்ஜாவுல இருக்கிற அக்காவுக்கு பிரசவ நேரம். திருச்சியில இருந்து தனியாத்தான் போகணும். டிக்கெட்டுல பார்த்தா சீட் கதவுக்குப் பக்கத்துலயே விழுந்திருக்கு. கிளம்புறதுக்கு முந்தின நாள் ராத்திரி, பெட்டியை மூணாவது தடவையா எடை போட்டுக்கிட்டே கேட்டாங்க:

"ஏண்டி, தூக்கத்துல என் கை பட்டு கதவு திறந்துக்கிச்சுன்னா?"

"அதெல்லாம் திறக்காதும்மா."

"ஏன் திறக்காது?"

"உள்ள பிரஷர் இருக்கும்மா."

"உள்ள பிரஷர் இருந்தா அது கதவை வெளியிலதானே தள்ளும்? அப்ப இன்னும் சுலபமா திறக்கணுமே?"

நான் மெக்கானிக்கல் ஃபைனல் இயர். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல நல்ல கிரேடுதான். ஆனா இந்தக் கேள்விக்கு வாயடைச்சுப் போய் நின்னேன். பத்தாவதோட படிப்பை நிறுத்தின அம்மா கேட்டது, எந்த இன்டர்வியூ பேனலும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து தேடிப் படிச்சதைத்தான் இப்ப உங்களுக்கு சொல்லப் போறேன். உங்க வீட்லயும் யாராவது கேட்பாங்க, பயன்படும்.

முதல்ல கணக்கு

தரை மட்டத்துல காத்தோட அழுத்தம் சுமார் 101 கிலோ பாஸ்கல். விமானம் பறக்கிற 36,000 அடி உயரத்துல அது சுமார் 23 கிலோ பாஸ்கல்தான். அந்தக் காத்தை சுவாசிச்சா ஒரு நிமிஷத்துக்குள்ளயே தெளிவா யோசிக்கிற நிலை போயிடும். அதனால என்ஜினோட கம்ப்ரஸர்ல இருந்து கொஞ்சம் காத்தை எடுத்து, குளிர வச்சு, கேபினுக்குள்ள அனுப்புறாங்க.

ஆனா கேபினையும் முழுசா தரை மட்ட அழுத்தத்துல வைக்கிறதில்ல. வச்சா விமானத்தோட உடம்பு தாங்க வேண்டிய சுமை கூடும், அதுக்காக எடையும் கூடும். விதிப்படி, சாதாரணமா பறக்கும்போது கேபின் அழுத்தம் 8,000 அடி உயரத்துக்கு சமமான அளவுக்குக் கீழ குறையக் கூடாது. அது சுமார் 75 கிலோ பாஸ்கல். ஊட்டி டவுனுக்கு மேல, தொட்டபெட்டா உச்சிக்குக் கொஞ்சம் கீழ நிக்கிற மாதிரின்னு வச்சுக்கோங்க. போயிங் 787 மாதிரி புது விமானங்கள்ல இது 6,000 அடி.

உள்ள 75, வெளிய 23. வித்தியாசம் 52. தமிழ்ல அழுத்த வேறுபாடுன்னு சொல்லலாம், ஆனா நம்ம கிளாஸ்ல யாரும் அப்படிச் சொல்றதில்ல, அதனால டிஃபரன்ஷியல் பிரஷர்னே வச்சுக்கலாம். கணக்கு சுலபமா இருக்க 50 கிலோ பாஸ்கல்னு எடுத்துக்கோங்க. அதாவது ஒவ்வொரு சதுர மீட்டர் மேலயும் 50,000 நியூட்டன். சுமார் 5 டன்.

ஏர்பஸ் ஏ320 மாதிரி ஒரு விமானத்தோட கதவு கிட்டத்தட்ட 0.8 மீட்டர் அகலம், 1.85 மீட்டர் உயரம். பரப்பளவு சுமார் 1.5 சதுர மீட்டர். பெருக்கிப் பாருங்க: 75,000 நியூட்டன். ஏழரை டன். நல்லா வளர்ந்த ஆண் யானை ஒண்ணு சுமார் 4 டன் இருக்கும். ஆக, கிட்டத்தட்ட ரெண்டு யானை சேர்ந்து அந்தக் கதவை உள்ள இருந்து வெளிய தள்ளிக்கிட்டே இருக்கு, ஃப்ளைட் முழுக்க.

அம்மா சொன்னது சரி. வெளியிலதான் தள்ளுது. அப்புறம் ஏன் கதவு பிய்ச்சுக்கிட்டுப் போகல?

விடை அடுப்படியில இருக்கு

உங்க வீட்ல என்ன குக்கர்? ரெண்டு வகை உண்டு. ஒண்ணு, மூடி பாத்திரத்துக்கு மேல உட்கார்ந்து, திருகிப் பூட்டுற வகை. இன்னொண்ணு, மூடியை சாய்ச்சு உள்ள விட்டு, திருப்பி, உள்ள இருந்து மேல இழுத்து மாட்டுற வகை. எங்க வீட்ல ரெண்டாவது. அந்த மூடி பாத்திரத்தோட வாயை விடப் பெருசு. முட்டை வடிவத்துல இருக்கிறதால சாய்ச்சு உள்ள விட முடியுது. உள்ள நீராவி ஏற ஏற, அது மூடியை வெளிய தள்ளும். ஆனா மூடி வாயை விடப் பெருசாச்சே, எங்க போகும்? விளிம்புல போய் இன்னும் இறுக்கமா ஒட்டிக்கும். கேஸ்கட் நல்லா நசுங்கி சீல் ஆகும். பிரஷர் இருக்கிற வரைக்கும் நீங்க தலைகீழா நின்னாலும் அதைத் திறக்க முடியாது. திறக்கணும்னா மூடியை முதல்ல உள்பக்கமா அமுக்கணும், அதாவது அவ்வளவு பிரஷரை எதிர்த்து.

விமானக் கதவும் இதேதான். இதுக்குப் பேரு பிளக் டோர். போயிங் 737 கதவு மூடியிருக்கும்போது அது நிக்கிற ஓட்டையை விடப் பெருசு. திறக்கும்போது முதல்ல உள்பக்கமா வரும், மேல் ஓரமும் கீழ் ஓரமும் மடங்கிக்கும், அப்புறம் சாய்ஞ்சு திரும்பி வெளிய போகும். சாய்ச்சு எடுக்கிற குக்கர் மூடியேதான்.

ஏர்பஸ் ஏ320 கொஞ்சம் வேற மாதிரி. அதோட கதவு உள்ள வராது, கொஞ்சம் மேல எழும்பி அப்புறம் வெளிய போகும். ஆனா கதவோட ரெண்டு ஓரத்துலயும் வரிசையா உலோகக் கட்டைகள் இருக்கும், ஸ்டாப்னு பேரு. சட்டத்துலயும் அதுக்கு நேரா ஸ்டாப் இருக்கும். மூடியிருக்கும்போது கதவோட ஸ்டாப் சட்டத்தோட ஸ்டாப்புக்கு உள்பக்கமா வந்து உட்காரும். ரெண்டு யானை தள்ளுறது முழுக்க அந்த ஸ்டாப்கள் மேலதான் விழும். அந்த ரெண்டு வரிசையும் அவ்வளவு சுமையில ஒண்ணோட ஒண்ணு அழுந்தி நிக்கும்போது கதவை மேல தூக்குறது மனுஷனால ஆகாத காரியம்.

இங்கதான் அம்மாவோட கேள்விக்கு நேரான பதில். பிரஷர் கதவை வெளியிலதான் தள்ளுது. ஆனா கதவு வெளிய போறதுக்கான வழி முதல்ல உள்பக்கமாவோ மேல்பக்கமாவோ போகுது. எந்த பிரஷர் கதவைப் பிய்க்கும்னு பயப்படுறோமோ, அதே பிரஷரையே பூட்டா மாத்திட்டாங்க.

எல்லா விமானத்துலயும் எல்லா கதவும் பிளக் கிடையாது. புது 737-கள்ல இறக்கைக்கு மேல இருக்கிற எமர்ஜென்சி எக்ஸிட் வெளிப்பக்கமா மேல தூக்கித் திறக்கும். அதுக்கு பறக்கும்போது தானா விழுற தனிப் பூட்டு இருக்கு.

முழுசா சீல் ஆகுதா?

இல்ல! எனக்கே இது ஆச்சரியமா இருந்தது. விமானம் மூடி போட்ட டப்பா கிடையாது. முன்னாடி காத்து வந்துக்கிட்டே இருக்கும், பின்பக்கம் அவுட்ஃப்ளோ வால்வுங்கிற ஒரு திறப்பு வழியா போய்க்கிட்டே இருக்கும். அந்த வால்வை எவ்வளவு திறக்கிறோம்ங்கிறதுதான் கேபின் பிரஷரை முடிவு பண்ணுது. அடியில ஓட்டை இருக்கிற தொட்டியில குழாயைத் திறந்து விட்டு தண்ணி மட்டத்தை ஒரே அளவுல வைக்கிற மாதிரி. கதவோட ரப்பர் சீல் கொஞ்சூண்டு கசிஞ்சாலும் உள்ள வர்ற காத்து அதை ஈடுகட்டிடும்.

தரையில இறங்கினதும் அந்த வால்வு முழுசா திறந்துக்கும். உள்ளயும் வெளியயும் பிரஷர் சமம். யானை ரெண்டும் இறங்கிப் போயாச்சு. இப்ப யார் வேணா கதவைத் திறக்கலாம்.

அப்ப செய்தியில வந்ததெல்லாம்?

2022 டிசம்பர் 10-ஆம் தேதி சென்னையில இருந்து திருச்சி கிளம்ப இருந்த விமானத்துல ஒரு பயணி எமர்ஜென்சி எக்ஸிட்டைத் திறந்துட்டார்னு செய்தி வந்துச்சே, ஞாபகம் இருக்கா? விமானம் அப்ப தரையில நின்னுக்கிட்டு இருந்தது. டிஃபரன்ஷியல் பிரஷர் இல்ல. அதனால திறந்துச்சு.

2023 மே 26-ஆம் தேதி தென் கொரியாவுல இன்னும் பயங்கரம். ஜேஜுவுல இருந்து வந்த ஏ321 விமானம் டேகுவுல தரையிறங்கப் போகும்போது, சுமார் 700 அடி உயரத்துல ஒரு பயணி கதவைத் திறந்துட்டார். நல்லவேளை, கதவு திறந்தபடியே பத்திரமா தரையிறங்கிட்டாங்க, உயிர்ச்சேதம் இல்ல. 700 அடியில உள்ளுக்கும் வெளிக்கும் பிரஷர் வித்தியாசம் ரொம்பக் கம்மி. யானை எடை இருந்த இடத்துல ஒரு மனுஷன் இழுத்தாப் போதும்ங்கிற நிலை.

ஆக, "விமானக் கதவைத் திறக்கவே முடியாது"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. உயரத்துல முடியாது. தாழ்வா வரும்போதும் தரையிலயும் முடியும். அதனாலதான் கதவுப் பக்கத்து சீட்ல உட்கார்றவங்ககிட்ட கைப்பிடியைத் தொடாதீங்கன்னு சொல்றாங்க.

இந்த டிசைனுக்கு ஒரு விலையும் உண்டு. 1967 ஜனவரி 27-ஆம் தேதி அப்போலோ 1 விண்கலத்தை ஏவுதளத்துல வச்சு சோதனை செஞ்சாங்க. அதோட உள் கதவு உள்பக்கமா திறக்கிற பிளக் வகை. உள்ள சுத்தமான ஆக்ஸிஜன். தீப்பிடிச்சதும் பிரஷர் சட்டுனு ஏறி, கதவு பூட்டின மாதிரி ஆயிடுச்சு. கிரிசம், வைட், சாஃபி, மூணு பேரும் வெளிய வர முடியல. அதுக்கப்புறம் சீக்கிரமா வெளிப்பக்கம் திறக்கிற கதவா மாத்தினாங்க. ஒரு இடத்துல உயிரைக் காப்பாத்துற அதே டிசைன் இன்னொரு இடத்துல உயிரை எடுக்கும்.

ஜன்னலும் குட்டி ஓட்டையும்

ஜன்னலும் குட்டி பிளக்தான். உள்பக்கத்துல இருந்து பொருத்துவாங்க, ஓட்டையை விடப் பெருசு. ஒரு சின்ன ஜன்னல் மேலயே 350 கிலோவுக்குக் குறையாம சுமை விழும். கிட்டத்தட்ட ரெண்டு புல்லட் பைக் எடை.

அடுத்த தடவை பறக்கும்போது எண்ணிப் பாருங்க, மூணு அடுக்கு இருக்கும். நீங்க தலை சாய்ச்சுத் தூங்குறது உள் அடுக்கு. அது வெறும் கீறல் படாம இருக்க. பிரஷரைத் தாங்குறது வெளி அடுக்கு, கண்ணாடி கூட இல்ல, நீட்டி இழுத்து பலப்படுத்தின அக்ரிலிக். நடு அடுக்கு ஸ்பேர். வெளி அடுக்கு உடைஞ்சா அது சுமையைத் தாங்கும்.

நடு அடுக்கோட கீழ்ப் பக்கத்துல ஒரு குட்டி ஓட்டை இருக்கும். பார்த்தா பயமா இருக்கும், ஆனா வேணும்னே போட்டது. அந்த ஓட்டை வழியா கேபின் காத்து நடு அடுக்குக்கும் வெளி அடுக்குக்கும் இடையில போயிடும். நடு அடுக்கோட ரெண்டு பக்கமும் ஒரே பிரஷர், அதனால அதுக்கு சுமையே இல்ல. தேய்மானம் இல்லாம, தேவைப்படுற நாளுக்காகக் காத்திருக்கும். ஜன்னல்ல ஆவி படியாம இருக்கவும் அதே ஓட்டை உதவுது.

ஜன்னல் மூலையெல்லாம் ஏன் வளைவா இருக்கு? அதுக்குப் பின்னாடி பிரிட்டனோட காமெட் விமானங்கள் இருக்கு. 1954 ஜனவரி 10, ஏப்ரல் 8, ரெண்டு காமெட்டும் நடுவானத்துல சிதறி மத்தியதரைக் கடல்ல விழுந்தது. ஃபார்ன்பரோவுல ஒரு காமெட்டை பெரிய தண்ணித் தொட்டிக்குள்ள வச்சு, பிரஷரை ஏத்தி இறக்கி ஏத்தி இறக்கி சோதிச்சாங்க. அது ஏற்கெனவே 1,221 தடவை பறந்திருந்தது. தொட்டியில இன்னும் 1,836 சுற்று முடிஞ்சதும் உடம்பு கிழிஞ்சது. திறப்புகளோட மூலையில ஸ்ட்ரெஸ் குவிஞ்சு, ஒவ்வொரு பயணத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமா விரிசல் வளர்ந்திருக்கு. ஸ்ட்ரெஸ் கான்சென்ட்ரேஷன்னு நாம ரெண்டு மார்க் கேள்விக்குப் படிக்கிறோமே, அதுதான்.

மேல் மூடி குக்கர்

இப்ப முதல் வகை குக்கருக்கு வருவோம். மேல உட்கார்ந்து பூட்டுற மூடி. இங்க பிரஷர் உதவாது, பூட்டு மட்டும்தான் தாங்கணும். பல விமானங்கள்ல சரக்குக் கதவு இந்த வகை. உள்பக்கமா திறந்தா சரக்கு வைக்கிற இடம் வீணாகும்னு வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி செய்றாங்க. பூட்டு சரியா விழலைன்னா காப்பாத்த வேற எதுவும் இல்ல.

டிசி-10 விமானத்தோட சரக்குக் கதவுல ஒரு குறை இருந்தது. கொக்கிகள் முழுசா மாட்டாமலே கைப்பிடியை அழுத்தி மூடிட முடியும், வெளிய இருந்து பார்த்தா மூடின மாதிரியே இருக்கும். 1972 ஜூன் 12-ஆம் தேதி கனடாவோட வின்ட்சர் நகரத்துக்கு மேல ஒரு டிசி-10 கதவு பிய்ச்சுக்கிட்டுப் போச்சு. விமானி சாமர்த்தியமா இறக்கினார், எல்லாரும் பிழைச்சாங்க.

15 நாள் கழிச்சு, அந்த விமானத்தோட உடம்பை டிசைன் பண்ணின கான்வேர் நிறுவனத்துல வேலை பார்த்த டான் ஆப்பிள்கேட்ங்கிற என்ஜினீயர் தன் மேலதிகாரிகளுக்கு ஒரு மெமோ எழுதினார். கதவு திரும்பவும் திறக்கும், கேபின் தரை இடிஞ்சு விழும், விமானம் போயிடும்னு எச்சரிச்சார். பணம் யார் போடுறதுங்கிற யோசனையில அந்த மெமோ அப்படியே கிடந்தது.

1974 மார்ச் 3. பாரிஸ்ல இருந்து கிளம்பின துருக்கி ஏர்லைன்ஸ் டிசி-10. கதவு பிய்ஞ்சது, சரக்கு அறையில பிரஷர் போச்சு, மேல கேபின்ல பிரஷர் அப்படியே இருந்ததால தரை கீழ இடிஞ்சது, தரைக்கு அடியில ஓடின கன்ட்ரோல் கேபிள்கள் அறுந்தது. 346 பேர். ஒருத்தர் கூட பிழைக்கல.

ஆப்பிள்கேட் எழுதினபடியே நடந்தது. இதைப் படிச்ச அன்னைக்கு எனக்குத் தூக்கம் வரல.

0.66 மில்லிமீட்டர்

1990 ஜூன் 10, பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390. பர்மிங்ஹாம்ல இருந்து ஸ்பெயினோட மலாகாவுக்கு. 17,300 அடியில கேப்டன் டிம் லங்காஸ்டருக்கு முன்னாடி இருந்த கண்ணாடி பறந்து போச்சு. அவர் பாதி உடம்பு விமானத்துக்கு வெளிய. கேபின் ஊழியர்கள் அவரோட காலை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாங்க. துணை விமானி அலஸ்டர் ஆட்சிசன் சவுத்தாம்ப்டன்ல இறக்கினார். கேப்டன் உட்பட எல்லாரும் உயிரோட இருந்தாங்க.

அந்தக் கண்ணாடி வெளிப்பக்கத்துல இருந்து பொருத்துற வகை. பிளக் இல்ல, தாங்குறது 90 போல்ட் மட்டும்தான். முந்தின நாள் ராத்திரி ஷிஃப்ட்ல கண்ணாடியை மாத்தினவர் பார்ட்ஸ் பட்டியலைப் பார்க்காம, பழைய போல்ட்டை வச்சு கண்ணால ஒப்பிட்டுப் புது போல்ட் எடுத்திருக்கார். 84 போல்ட்டோட விட்டம் 0.66 மில்லிமீட்டர் கம்மி. மீதி 6 போல்ட் நீளம் கம்மி.

2024 ஜனவரி 5 ஞாபகம் இருக்கும். அலாஸ்கா ஏர்லைன்ஸ் 737 மேக்ஸ் 9, போர்ட்லேண்ட்ல இருந்து கிளம்பின கொஞ்ச நேரத்துல சுவர்ல ஒரு பெரிய ஓட்டை. தேவைப்படாத கதவு இடத்தை அடைச்சிருந்த பலகை, டோர் பிளக்னே பேரு, பறந்து போச்சு. அதுலயும் ஏ320 கதவு மாதிரி 12 ஸ்டாப் உண்டு. அது மேல எழும்பாம இருக்க 4 போல்ட். தொழிற்சாலையில ரிவெட் சரி பண்றதுக்காக அந்த பிளக்கைத் திறந்திருக்காங்க, திரும்ப மூடும்போது 4 போல்ட்டையும் போடல. ஒவ்வொரு பயணத்துலயும் கொஞ்சம் கொஞ்சமா மேல நகர்ந்து, ஒரு நாள் ஸ்டாப்பைத் தாண்டிடுச்சு. பக்கத்து ரெண்டு சீட்டும் அன்னைக்குக் காலி. யாரும் சாகல.

ஸ்டாப் வலுவாத்தான் இருந்தது. டிசைன் சரிதான். 4 போல்ட் இல்ல, அவ்வளவுதான்.

நம்ம லேப்ல போன மாசம் டார்க் ரெஞ்ச் வச்சு போல்ட் இறுக்கி ரீடிங் எடுக்கணும். நாலுல ரெண்டை இறுக்கிட்டு, மீதி ரெண்டுக்கும் அதே ரீடிங்கைப் போட்டு ரெக்கார்டை முடிச்சோம். எங்க பேட்ச்ல நானும்தான். இன்னும் சில மாசத்துல நம்மள்ல பாதிப் பேர் ஏதோ ஒரு கம்பெனியில ஏதோ ஒரு செக்லிஸ்ட்ல கையெழுத்துப் போடப் போறோம். அந்த டிக் மார்க்குக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருத்தரோட அம்மா உட்கார்ந்திருப்பாங்க.

எங்க அம்மாவுக்கு அன்னைக்கு ராத்திரியே குக்கரை எடுத்து வச்சு விளக்கினேன். மூடியைப் போட்டு உள்ள இருந்து கையால தள்ளிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "அப்ப பிரஷர் அடங்கினப்புறம் திறக்கலாம்னு சொல்லு"ன்னாங்க. அவ்வளவுதான், புரிஞ்சுடுச்சு. நான் ரெண்டாயிரம் வார்த்தையில எழுதினதை ஒரே வரியில முடிச்சுட்டாங்க.

ஷார்ஜாவுல இறங்கினதும் ஃபோன் பண்ணினாங்க. குழந்தை எப்படி இருக்குன்னு நான் கேக்கிறதுக்கு முன்னாடியே சொன்னாங்க: "ஜன்னல்ல ஒரு குட்டி ஓட்டை இருந்துச்சுடி. உடைஞ்சு போச்சோன்னு அந்தப் பொண்ணைக் கூப்பிட்டுக் காட்டிட்டேன்."

ஜன்னலைப் பத்தி சொல்ல மறந்துட்டேன். நீங்களாவது முன்னாடியே சொல்லி அனுப்புங்க.